பழுது எங்கே என்று பார்த்த பிறகு பேசுவோம்

 

ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி பழுதானதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் வினவக்கூடும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் அந்தச் சிறிய பழுதின் காரணமாக நான் ஒரு பெரிய தவற்றைச் செய்தேன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு எதைப் போதிக்கிறேனோ அதையே தெருவில் மறந்துபோனேன். என் தவறு நான்கு பேருக்குப் பாடமாகட்டும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய கார். வளைகுடாவில் பணிபுரியும் என் தம்பி, தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வசதியாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தது. ஓட்டுபவர் அமர்ந்த இடத்திலிருந்தே சுவிட்சை அழுத்தி இருபக்கக் கண்ணாடிகளையும் திருப்பிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஒரு நாள் தெருவில் யாரோ இடித்துவிட்டுப் போனதில் இடப்பக்கக் கண்ணாடி வானத்தைப் பார்த்து நின்றது. சுவிட்சை அழுத்தினேன், அசையவில்லை. இறங்கிப் போய்க் கையால் திருப்பிவிட்டு, மறுபடியும் வந்து அமர்ந்து பார்த்தால் கோணம் சரியாக இல்லை. மீண்டும் இறங்க வேண்டும். இரண்டு நாள்களில் சலித்துப்போய் அப்படியே ஓட்டத் தொடங்கினேன்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். இடப்புறத்தில் பின்னால் வருவது அவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அந்தக் கண்ணாடிதான் அவருக்குக் கண். அதிலும் தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்கும் சாத்தூருக்கும் செல்லும் சாலைகளின் காலை நேரத்தை இவ்வட்டாரத்தார் அறிவர். பட்டாசு ஆலைகளுக்கு விரையும் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், வேன்கள் என்று சாலை நிறைந்திருக்கும். இடைவெளி கிடைத்தால் இடப்புறமாகவும் முந்துவார்கள். அப்படி ஒரு காலையில் நான் காரை ஓரம் ஒதுக்கியபோது, இரண்டு பெண்கள் வந்த வண்டி என் பின்சக்கரத்தை ஒட்டித் தடுமாறி நின்றது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் அடியில்லை. அவர்கள் கையில் இருந்த தூக்குச்சட்டி மட்டும் சாலையில் உருண்டது. அன்றுதான் கண்ணாடியைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் தவறு தொடங்கியதும் அன்றுதான்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, அதே இடப்பக்கக் கதவின் கண்ணாடி ஏறி இறங்காமல் இருந்ததை ஓர் இளைஞன் சரிசெய்து கொடுத்திருந்தான். என்னிடம் ஓதிய மாணவன். சொந்தமாக ஒரு சிறிய பட்டறை தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அவன் கைவைத்த கதவு. அதற்குப் பிறகு கெட்ட கண்ணாடி. வேறென்ன சான்று வேண்டும் என்று என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. மனத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அஸர் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் நான்கு பேர் நடுவே, "பையன் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்துவிட்டான்" என்று சொல்லிவிட்டேன். சிறிய ஊரில் ஹஜ்ரத் சொன்ன சொல் வெகுதூரம் போகும். அவனிடம் வேலைக்கு விடுவதாக இருந்த இருவர் வேறிடத்துக்குச் சென்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

நகரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குக் காரைக் கொண்டு சென்றேன். ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "கரண்ட் வருகிறது, மோட்டார் போய்விட்டது, கண்ணாடியை முழுசாக மாற்ற வேண்டும்" என்று கூறி 6,500 ரூபாய் கேட்டார்கள். என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். திரும்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு நண்பர், கார் ஒயரிங் வேலையிலேயே தலை நரைத்த ஓர் அண்ணாச்சியிடம் அழைத்துச் சென்றார். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"பாய், வலது பக்கக் கண்ணாடி திரும்புதா?"

"திரும்புகிறது."

"அப்ப ஃப்யூஸ் நல்லாருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான், ஒரே சுவிட்ச்தான். அந்தப் பக்கம் ஓடினா இது வரைக்கும் சந்தேகம் இல்லை."

பிறகு இடப்பக்கத்தை அழுத்தச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மோட்டார் சுற்றும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் பற்சக்கரம் தேய்ந்திருக்கும். அது மின்பழுதே அன்று. ஓசையே இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டார் எரிந்துவிட்டது. எங்கள் காரில் ஓசை இல்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றினார்கள். அவரிடம் வேலை பழகும் பையன், கண்ணாடிக்குப் போகும் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "12 வோல்ட் காட்டுது, மோட்டார்தான் போச்சு" என்றான். நகரத்துப் பட்டறை சொன்ன அதே தீர்ப்பு. அண்ணாச்சி தலையசைத்தார். "மீட்டர் சும்மா எட்டிப் பாக்கும். பாரம் தூக்காது. பல்பை வை" என்றார். இரு முனையிலும் ஒயர் வைத்த ஒரு சிறிய பல்பைப் பொருத்தினார்கள். எரியவில்லை. செம்புக்கம்பியில் ஒரே ஓர் இழை மிஞ்சி, அதுவும் பச்சை பூத்துப்போயிருந்தால், மீட்டருக்கு அது போதும். 12 வோல்ட் காட்டிவிடும். ஆனால் பல்பை எரிக்கவோ மோட்டாரைச் சுற்றவோ வேண்டிய மின்சாரம் அந்த இழை வழியே வராது.

அடுத்து, ஃப்யூஸ் வைத்த தனி ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தார். கண்ணாடி மேலும் கீழும், இடமும் வலமும் நன்றாகத் திரும்பியது. ஆக, மோட்டார் குற்றமற்றது. பிறகு கதவுக்குள் நுழைவதற்கு முன், காரின் உடல் பகுதியில் அதே ஒயர்களில் பல்பை வைத்தார். எரிந்தது. ஆக, சுவிட்சும் குற்றமற்றது. உடலுக்கும் கதவுக்கும் நடுவே எஞ்சியது ஒரு சாண் நீள ரப்பர் குழாய் மட்டுமே. கதவு திறக்கும்போதெல்லாம் மடங்கி, மூடும்போதெல்லாம் நிமிரும் இடம். அதைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே ஒரு ஒயர் உறைக்குள்ளேயே அறுந்து, பச்சைப் பொடி உதிர்ந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு மோட்டார்களுக்கும் பொதுவான ஒயர் அதுதான். அது அறுந்தால் எந்தத் திசைக்கும் அசைவு இராது.

அந்தக் கதவு என் தாயார் ஏறி இறங்கும் கதவு. பிள்ளைகள் பள்ளிக்கு ஏறி இறங்கும் கதவு. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் கம்பி களைத்து அறுந்திருக்கிறது. அந்த இளைஞன் அந்த ரப்பர் குழாயைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. அறுந்த இடத்தை வெட்டி நீக்கி, நெகிழ்வான புது ஒயரைச் சற்று நீளமாக வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. ஒரு மணி நேர வேலை. 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியோருக்கு இந்த முறை அந்நியமானதன்று. ஓர் அறிவிப்பு நம்மை வந்தடைந்த வழியை இமாம்கள் எவ்வாறு ஆராய்ந்தார்கள்? இவரிடமிருந்து இவர், அவரிடமிருந்து அவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதித்தார்கள். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, நினைவாற்றல் எத்தகையது என்று பார்த்தார்கள். நடுவே ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்கு முன்கதிஃ என்று பெயரிட்டார்கள். எந்த இடத்தில் அறுந்தது என்று காட்டாமல் ஒருவரைப் பலவீனமானவர் என்று தள்ளிவிடவில்லை. ஃபிக்ஹிலும் அவ்வாறே: உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அந்த இளைஞன் நேர்மையாளன் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. ஒரு வெறும் ஐயத்தால் அதை நீக்கிவிட்டேன். அண்ணாச்சி என்னிடம் ஓதவில்லை. ஆனால் நான் ஓதிக்கொடுக்கும் விதியைக் கைக்கொண்டவர் அவர்தான்.

பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைஸம், ஒளியியல் குறித்து ஏழு பகுதிகள் கொண்ட பெருநூலை எழுதியவர். சமதளக் கண்ணாடியிலும் வளைந்த கண்ணாடியிலும் ஒளி எவ்வாறு திரும்புகிறது என்று அதில் விரிவாக ஆராய்ந்தார். முன்னோர் கூறினார்கள் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், உண்மையைத் தேடுபவர் தம் சொந்த எண்ணத்தையும் ஐயுற வேண்டும் என்றும் வலியுறுத்தியவர் அவர். நம் முன்னோரின் பெருமையாக அவரை மேடைகளில் பேசுகிறோம். ஒரு பட்டறைப் பையன்மீது பழி சொல்லும்போது அவருடைய முறையை மறந்துவிடுகிறோம்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளையும், ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிருங்கள் என்ற கட்டளையும் ஸூரத்துல் ஹுஜுராத் என்னும் ஒரே அத்தியாயத்தில் இருப்பதை நாம் ஓதுகிறோம். போர்க்களச் செய்திக்கும் அரசியல் வதந்திக்கும் மட்டும் உரியவை அவை என்று எண்ணிக்கொள்கிறோம். தேநீர்க் கடைப் பேச்சுக்கும் அவை பொருந்தும். அல்லாஹ்வின் உரிமையில் செய்த தவற்றுக்கு அவனிடம் தவ்பா செய்தால் போதும். அடியானின் உரிமையில் செய்த தவற்றுக்கு அந்த அடியானிடமே போக வேண்டும். போனேன்.

பட்டறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவன் எழுந்து ஸலாம் சொன்னான். நடந்ததைச் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டேன். சற்று நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "ஹஜ்ரத், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அன்று அஸருக்குப் பின் அதே தேநீர்க் கடையில், முன்பு கேட்டவர்களில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அன்று இல்லாதவர்களிடம் என் பழைய சொல் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கலாம். அதை எப்படித் திரும்ப அழைப்பேன்?

இந்நிகழ்விலிருந்து நான் கொண்ட கருத்துகள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு என்பதை நாம் ஏற்க வேண்டும். புதுக் கண்ணாடிக்கு 6,500 ரூபாய் என்றால் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, கொடுத்துவிடுகிறோம். "ஒரு ஒயர்தானே ஒட்டினாய், அதற்கா 400?" என்று கேட்கிறோம். ஒட்டிய ஒயருக்கு அன்று, எந்த ஒயர் என்று அறிந்ததற்குத்தான் அந்தக் கூலி. அறிவுக்குக் கூலி கொடுக்க மறுக்கும் ஊரில் பொருளை மாற்றுபவர்கள்தாம் மிஞ்சுவார்கள். நல்ல மோட்டாரைக் குப்பையில் எறிந்து புதியது வாங்குவது வீண்விரயம். அந்த விரயத்துக்கு நம் கஞ்சத்தனமும் காரணமாகிறது.

இரண்டாவது, தொழில் செய்யும் நம் இளைஞர்களுக்கு. ஹனஃபி சட்ட நூல்களில், பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கைத்தொழிலாளியைப் பற்றி 'அஜீர் முஷ்தரக்' என்ற தலைப்பில் விரிவான விவாதம் உண்டு. தையற்காரர், சலவை செய்பவர், சாயம் இடுபவர் போன்றோரே அங்கு எடுத்துக்காட்டுகள். இன்றைய மெக்கானிக்கும் அவ்வகையினரே. அவர் கையில் உள்ள பொருள் அவருடைய தவறின்றி அழிந்தால் அது அமானிதம், ஈடு இல்லை என்றார்கள் இமாம் அபூஹனீஃபா. அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும், தவிர்க்க இயலாத விபத்து தவிர மற்றவற்றுக்கு ஈடு உண்டு என்றார்கள். ஆனால் அவர் தம் வேலையாலேயே சேதம் விளைந்தால் அவர் பொறுப்பாளி என்பதில் இம்மூவரும் உடன்படுகிறார்கள். ஆகவே தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சோதிக்காமல் மோட்டார் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை உரியவரிடமே கொடுத்துவிடுங்கள். இன்று கணினி பொருத்திய கார்களில் ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டும். அது தெருவைத்தான் காட்டும்; வீட்டை நீங்கள்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, ஃப்யூஸ். பழுதின் இடத்தைத் தேடும் பொறுமை இல்லாதவர்கள், அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று அதிக ஆம்பியர் ஃப்யூஸையோ, செம்புக்கம்பியையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ வைத்துவிடுகிறார்கள். ஃப்யூஸ் எரிவது பழுதன்று. பழுது இருக்கிறது என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின் வாயைக் கட்டினால், ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயர் சூடேறும். வேறு ஊர்களில் அது ஒரு கார் எரியும் செய்தி. நம் ஊரிலோ, அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் வந்து போகும் சாலைகளில் அந்த வண்டி ஓடுகிறது. மருந்து அறைக்குள் நுழையும் முன் எர்த் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போகும் தொழிலாளர்கள் வாழும் பகுதி இது. ஒரு பொறியின் விலை நமக்குத் தெரியாதா?

நான்காவது, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை நம் வட்டாரம் மறக்கவில்லை. ஒவ்வொரு வெடிவிபத்தின்போதும், புகை அடங்கும் முன்பே ஊரில் ஒரு சொல் எழும்: "வேலை செய்தவர்களின் கவனக்குறைவு." உராய்வா, வெயிலா, கலவையா, ஓர் அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகமான ஆட்களா, அதிகமான மருந்தா என்று கண்ணி கண்ணியாகப் பார்ப்பதற்கு முன்பே, பதில் சொல்ல இயலாத மய்யித்தின்மீது பழியைப் போட்டுவிடுகிறோம். கடைசியாகக் கைவைத்தவர்தாம் குற்றவாளி என்று தீர்ப்பது, நான் அந்த இளைஞனுக்குச் செய்ததேதான். அவனாவது உயிரோடு இருந்தான். நான் போய் மன்னிப்புக் கேட்க முடிந்தது. இறந்தவரின் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்தச் சொல்லை ஆயுள் முழுதும் சுமக்கிறார்கள். சரியான காரணம் தெரியாமல் போனால், அதே காரணம் இன்னோர் ஆலையில் காத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு. மதரஸாவில் ஓதும் பிள்ளை கைத்தொழில் கற்பதை இழிவாக எண்ணாதீர்கள். கல்வியின் நோக்கம் உண்மையைப் பொய்யிலிருந்து பிரித்தறிவது என்றால், ஒரு பல்பையும் இரண்டு ஒயரையும் வைத்துக்கொண்டு அதைச் செய்பவரும் கல்விமானே. பிள்ளை ஒன்றை உடைத்துவிட்டதாகப் புகார் வந்தால், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன், "என்ன நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளை, நாளை பிறரையும் கேட்டுவிட்டே தீர்ப்புச் சொல்லும்.

இறைநம்பிக்கையாளரைக் கண்ணாடிக்கு ஒப்பிட்ட நபிமொழியை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடி நம் முகத்தின் கறையை நமக்கு மட்டுமே காட்டுகிறது. தேநீர்க் கடையில் போய்ச் சொல்வதில்லை. என் காரின் இடப்பக்கக் கண்ணாடி இப்போது சுவிட்சை அழுத்தினால் திரும்புகிறது. அதைத் திருப்பும்போதெல்லாம் அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வருகிறது. இப்போது காரில் எந்த வேலையானாலும் அவனிடமே விடுகிறேன்.

அறியாமல் பேசுவதிலிருந்தும், ஐயத்தைக் கொண்டு பிறர் மானத்தைக் குறைப்பதிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரின் நாவுகளையும் காத்தருள்வானாக! நம் வட்டாரத்தின் ஆலைகளிலும் சாலைகளிலும் உழைப்போர் மாலையில் நலமாக வீடு திரும்ப அருள்புரிவானாக! ஆமீன்.